பூந்தொட்டிப் பிள்ளையார்

என் ஓரகத்தி முப்பிடாதியம்மாளுக்கு உடைந்த பீங்கானைக் கண்டால் கால் நகராது. பம்பாய் சயான் முக்கில் இருந்த இரானி ஓட்டலில் ஒரு சாசர் கீழே விழுந்தால் ஓட்டல்காரருக்குக் கோபம் வரும், இவளுக்கு முகம் மலரும். அவர் பெருக்கித் தள்ளியதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மற்ற வீடுகளில் அப்படிப்பட்ட பெட்டியில் பட்டுச்சேலை இருக்கும். எங்கள் பெட்டியில் ஓட்டாஞ்சல்லி இருந்தது.

"நாலு பேரு கால நீட்டிப் படுக்க எடமில்ல. இதுல இந்தக் குப்பைக்கு ஒரு பெட்டியாக்கா?" என்று நான் கத்துவேன்.

"கெடந்துட்டுப் போவுது விடுட்டி கோமதி. சோறா கேக்கு?" என்பாள்.

அவள் புருஷன் இசக்கி மூத்தவர், தோல் ஷாப்பில் வேலை. என் வீட்டுக்காரர் இளையவர், குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை. தாராவியில் ஒரே அறையில் இரண்டு குடித்தனமும் நடந்தது. நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு வீடு, அவிழ்த்தால் ஒரு வீடு. இப்போது என் மகன் செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் எனக்கென்று தனி அறையே கொடுத்திருக்கிறான். கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் கேட்காது. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேன் என்கிறது. அந்தச் சேலைக்கு அப்பால் அக்கா புரண்டு படுக்கும் சத்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வயதானால் புத்தி இப்படித்தான் போகும்போல.

நானும் அக்காவும் அய்யாத்துரை அண்ணாச்சியிடம் சித்தாள் வேலை செய்தோம். அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதர். தரை ஓடு, மொட்டை மாடி ஓடு எல்லாம் பதித்துத் தரும் கான்ட்ராக்ட் எடுப்பவர். அது அறுபத்தாறாம் வருஷம். அணுசக்தி நகரில் ஆபீசர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் சயானிலிருந்து அண்ணாச்சியின் லாரி புறப்படும். பின்னால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றுகொண்டு போவோம். செம்பூர் தாண்டினால் ரோட்டின் இரு பக்கமும் ஒரே பச்சை, முகத்தில் அறைகிற காற்று. பின்னின சடை எல்லாம் அவிழ்ந்து போகும். யாராவது ஒருத்தி பாட்டெடுப்பாள், லாரி பள்ளத்தில் இறங்கும்போது பாட்டு பாதியில் குதிக்கும், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த லாரி இப்போது வந்து நின்றால் முட்டுவலியோடு நான் ஏறிவிடுவேன்.

லாரியிலிருந்து இறங்கியதும் சிரிப்பெல்லாம் போயிற்று. சாந்துச் சட்டிக்குப் பம்பாயில் கமேலா என்று பெயர். பேர் மாறினால் கனம் குறையவா போகிறது? அதைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏற வேண்டும், கொட்ட வேண்டும், இறங்க வேண்டும். மேலே மொட்டை மாடியில் ஆண்கள் உட்கார்ந்து, உடைத்த பீங்கான் ஓடுகளைச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். வெயில் தாக்காது, மழை ஒழுகாது என்று பம்பாயில் மாடிக்கு மாடி அந்த வேலை உண்டு. ஓடுகளை உடைத்துக் கொடுப்பது பெண்கள், பதிப்பது ஆண்கள். அது யார் போட்ட சட்டமோ தெரியாது.

அக்கா கமேலாவைக் கொட்டியதும் இறங்கி வர மாட்டாள். அங்கேயே நின்று அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு துண்டுக்கு நடுவில் இடைவெளி கூடினால் அவள் முகம் சுளிக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தூக்கு வாளியைத் திறந்தால், இவள் காலி இடத்தில் நாலு துண்டு பதித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து சோற்றைப் பிசைவாள். பதிக்கிற ஆளாக வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நகைநட்டு, சினிமா எதிலும் அவளுக்கு நாட்டம் கிடையாது. அண்ணாச்சியிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"ஆம்பள உக்காந்து செய்யுத காம் இது. ஒனக்கு எதுக்கு இந்தக் கட்பட், வீண் தொல்லை?" என்று அவர் ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்துவிடுவார்.

அந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் சைட் எஞ்சினியர் சாப் அண்ணாச்சியிடம் ஒரு காரியம் சொன்னார். அவர் மராட்டிக்காரர். அவர் மனைவிக்குத் தங்கள் வீட்டு வாசலில் வைக்க மொசைக்கில் கணபதி போட்ட ஒரு பூந்தொட்டி வேண்டுமாம். அண்ணாச்சி லாரியில் வைத்தே ஆண்களிடம் கேட்டார். பொம்மை வேலைக்கெல்லாம் நேரமில்லை என்று அவர்கள் கையை விரித்தார்கள்.

"நான் செய்யுதேன் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

லாரியே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. சாப் கேட்டுவிட்டாரே என்ற கவலை அவருக்கு.

"சரி. பரோபரா, அச்சா வந்துட்டுன்னா அடுத்த மாடிக்கு நீயும் ஆளோட ஆளா உக்காந்து பதி. வரலன்னா இந்தப் பேச்சையே இனி எங்கிட்ட எடுக்கப்படாது" என்றார்.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்திலேயே கும்பார்வாடா. அங்கே குஜராத்திக் குயவர்களிடம் வயிறு பெருத்த ஒரு மண்தொட்டி வாங்கி வந்து தண்ணீரில் ஊறப்போட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டி முதல் தடவையாக வாசலுக்கு வந்தது. சைட்டில் மிஞ்சிய குளியலறை ஓட்டில் பிள்ளையாரின் காது, ஆபீசர் வீட்டுக் கக்கூஸ் சுவரில் மிஞ்சிய மஞ்சள் ஓட்டில் முகம், இரானி ஓட்டல் சாசரின் விளிம்பில் தந்தம். ஒரு சாசரின் அடிவட்டம் உடையாமல் அப்படியே கிடைத்தது. அது தொப்பை ஆயிற்று.

தொட்டி உருண்டை. நேராக அதன்மேல் ஒட்டினால் துண்டுகள் ஈரச் சாந்தில் வழுக்கி இறங்கின. அக்கா யோசித்தாள். கட்டட முகப்புகளில் பதிப்பதற்குச் சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடி ஓடுகள் சைட்டுக்கு வரும். கெட்டிக் காகிதத்தில் முகம் கீழாக ஒட்டி வரும். காகிதத்தோடு சுவரில் அழுத்திவிட்டு, சாந்து இறுகிய பிறகு காகிதத்தை நனைத்து உரித்துவிடுவார்கள். அதே போலச் செய்யலாம் என்று முடிவு செய்தாள். காலண்டர் படத்தைப் பார்த்துக் காகிதத்தில் பிள்ளையாரை வரைந்தாள். மைதாப் பசை காய்ச்சினாள். துண்டுகளை நறுக்கி ஒவ்வொன்றாக முகம் கீழாக ஒட்டினாள். துதிக்கை அவருக்கு இடப்பக்கம் வளைந்தது. வலக் காலடியில் மூஞ்சூறு, இடக் கையில் கொழுக்கட்டை.

எங்கள் சந்தில் இதைப் பார்க்காதவர்கள் கிடையாது. அக்கா வேலையிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தால் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். அடுத்த வீட்டு மீனாட்சியம்மாளுக்கு அதுதான் சினிமாக் கொட்டகை. அந்தம்மாள் ஊர்க் கதையெல்லாம் வாயில் வைத்திருப்பவர். கோழி கூவினாலும் சகுனம், கூவாவிட்டாலும் சகுனம். ஓட்டின் முதுகு மட்டும்தான் தெரியும், நிறம் தெரியாது. ஆனாலும் உருவம் விளங்கும். "துதிக்கை அம்சமா வந்திருக்கு முப்பிடாதி" என்று தினமும் ஒரு சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காகிதத்தை உரித்தாள். முந்தின நாளே தொட்டியில் சாந்து பூசி, காகிதத்தை மேலே போட்டு, மரக்கட்டையால் தட்டி வைத்திருந்தாள். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி மெல்ல இழுத்தாள். முதலில் கிரீடம் வந்தது. பிறகு மஞ்சள் நெற்றி, நீலக் காது. அப்படி ஒரு நிறத்தை அந்தச் சந்து அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த குப்பையா இது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"எம்மா! பிள்ளையாரு திரும்பிட்டாரு! எல்லாரும் ஓடியாங்க!" என்று மீனாட்சியம்மாள் கத்தினார்.

துதிக்கை வலப்பக்கம் வளைந்திருந்தது. நேற்று வரை இடப்பக்கம் இருந்ததைச் சந்து முழுவதும் பார்த்திருக்கிறது. யார் எங்கிருந்து கொண்டுவந்தார்களோ, கற்பூரம் வந்துவிட்டது. தேங்காய் வந்துவிட்டது. மீனாட்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அக்கா கையில் ஈரக் காகிதத்தோடு விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பரவசத்தில் இருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

"ஏட்டி, மூஞ்சூற பாத்தியா?"

"ஏங்க்கா?"

"வலக்காலு பக்கம் வெச்சேன். இப்ப எடக்காலு பக்கம் நிக்கு. நான்தாம்ட்டி தப்பு பண்ணிட்டேன். மொகத்தக் கீழ வெச்சு ஒட்டுனா, உரிக்கும்போது எடம் வலமா மாறிரும்லா. எனக்கு அது புத்தியில ஏறலியே."

எப்படி ஏறும்? சைட்டுக்கு வருகிற காகிதத்தில் எல்லாம் ஒரே நிறச் சதுரம். அதைத் திருப்பிப் போட்டால் என்ன, நேரே போட்டால் என்ன? படம் என்று வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நான் அவள் வாயைப் பொத்தினேன். வெளியே கற்பூரம் அணையவில்லை, இவள் தப்பு என்கிறாளே என்று எனக்குப் பயம்.

அடுத்த நாலைந்து நாள் எங்கள் வீட்டுக்கு வந்த மரியாதையைச் சொல்லி மாளாது. குழாயடியில் எங்கள் குடத்துக்கு முதலிடம். தோல் ஷாப்பில் இசக்கி மச்சானை முதலாளியே உட்காரச் சொன்னாராம். வலம்புரிக்காரர் வாசலில் இருக்கிறார் என்று சந்தில் ஒரு வீட்டிலும் கருவாடு வறுக்கவில்லை. கருவாட்டு வாசனை இல்லாத தாராவிச் சந்தில் எனக்கு மூச்சே முட்டியது. அக்கா மட்டும் யாரோடும் பேசாமல் இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்கள். ஓரத்தில் அவள் சுற்றிவர வைத்திருந்த வெள்ளை ஓட்டுச் சரத்தை, ஒன்றுபோல விட்ட இடைவெளியை, கண்ணைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை.

தொட்டியை எடுத்துப் போக அண்ணாச்சி வந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு! நம்ம ஊர்ல வலம்புரின்னா விசேசம். இந்த மராட்டிக்காரங்க வீட்டுல வலப்பக்கத் துதிக்கைய உள்ள விட மாட்டாங்க. மடி, ஆசாரம், பூசை ஒண்ணுலயும் கொறை வரப்படாதுன்னு அவ்வளவு பயம். சாப் வீட்டம்மா என்னைய வெரட்டிருவாங்களே!"

மீனாட்சியம்மாள் முன்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, இது முப்பிடாதி செஞ்சதில்ல. தானா திரும்புனது. சந்தே சாட்சி" என்று ஆரம்பித்து, காகிதம் உரித்ததிலிருந்து கற்பூரம் வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டார். கடைசியில் விழுந்தே கும்பிட்டுவிட்டார்.

எழுந்ததும் குரல் மாறியிருந்தது. "தாயி, சாப் வீட்டுக்கு நான் கடையில ஒண்ணு வாங்கிக் குடுத்துக்கிடுதேன். இவர நம்ம சைட்டுக்குக் கொண்டு போவோம். ஷெட்டு பக்கத்துல சின்னதா ஒரு மாடம் கட்டுதேன். நீ காலையில வெளக்கேத்து, பூ வை, சுத்தமா பாத்துக்கோ. இனி கமேலா தூக்க வேண்டாம். கூலி அதே கூலி."

சந்து முழுக்க 'ஆகா' என்றது. நான் அக்காவின் இடுப்பில் கிள்ளினேன். நானாக இருந்தால் அந்த நொடியே தலையை ஆட்டியிருப்பேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. புரட்டாசி வெயிலில் சாந்தோடு நாலு மாடி ஏறியவளைக் கேட்டுப் பாருங்கள், அவளும் அதையே சொல்வாள்.

"அப்போ நான் ஓடு பதிக்கிறது?" என்று கேட்டாள் அக்கா.

"சாமியே ஒன் கையத் தேடி வந்த பொறவு ஒன்ன சிமிண்டுல உக்கார வைக்க எனக்கு என்ன கிறுக்கா?"

அக்கா தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்க வேண்டாம் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். எனக்குத் தெரியும், அவள் உதடு அப்படி மடிந்தால் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

"சாமி திரும்பல அண்ணாச்சி. நான் தப்பா ஒட்டிட்டேன்" என்றாள்.

தொட்டிப் பக்கம் குனிந்து விரலால் காட்டினாள்.

"மொகத்தக் கீழ வெச்சுக் காயிதத்துல ஒட்டுனேன். மறிச்சுப் போட்டா எடம் வலமாகும். தொதிக்கை மட்டுமா திரும்பியிருக்கு? மூஞ்சூறும் திரும்பியிருக்கு பாருங்க."

"சாமி திரும்புனா வாகனம் கூடவே திரும்பாதா?" என்று மீனாட்சியம்மாள் விடவில்லை.

"அப்போ கொழுக்கட்டை? அதுவுமா கை மாறும்? இங்க பாருங்க, எல்லாரும் வலக்கைய நீட்டுங்க. உள்ளங்கை மேல தெரியட்டும். கட்டைவெரலு எந்தப் பக்கம்? இப்ப கமுத்துங்க. எங்க போச்சு?"

எல்லோரும் கையை நீட்டினார்கள், கவிழ்த்தார்கள், மறுபடி மலர்த்தினார்கள். கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக்கூட ஒருவர் கவிழ்த்துப் பார்த்தார். மீனாட்சியம்மாள் இரண்டு கையையும் மாற்றி மாற்றித் திருப்பினார். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. குழாயடியில் முதலிடம் போயிற்று, மரியாதை போயிற்று, இனி அண்ணாச்சி வேலையை விட்டும் துரத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி தொட்டிக்கு முன்னால் குந்தினார். இந்தத் தடவை கும்பிடவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு இடைவெளியாகத் தடவிக்கொண்டே வந்தார். தொப்பையை விரலால் தட்டிச் சத்தம் கேட்டார்.

"இது என்ன, சாசரா?"

"ஆமா அண்ணாச்சி. இரானி ஓட்டல்ல பொறுக்குனது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டுங்காவுல ஒரு பில்டிங்கு வாசல்ல நான் மயிலு போட்டேன். வாசலப் பாத்து நிக்கணும். காயிதத்த உரிச்சா கக்கூசப் பாத்து நிக்கு. அதுதான் லச்சணம்னு மொதலாளிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். இன்னைக்கும் அப்படித்தான் நிக்கு. ஒருத்தன்ட்டயும் நான் வாயத் தொறந்ததில்ல." துதிக்கையின் வளைவில் விரலை வைத்தார். "இனி ஒட்டும்போது என்ன செய்வ?"

"படத்த மொதல்லயே மறிச்சு வரைஞ்சுக்கிடுவேன்."

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "முட்டிக்கு அடியில போட ஒரு சாக்கு எடுத்துக்க. திங்கக்கெழம லாரிய விட்டுறாத" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சந்து எங்களை மன்னிக்கவில்லை. கைக்கு வந்த சாமியைத் தட்டிவிட்டவள் என்று பேர். குடம் வரிசையில் கடைசிக்குப் போயிற்று. இசக்கி மச்சான் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. முதலாளி உட்காரச் சொன்ன நாற்காலி அவருக்கு மறக்கவில்லை. மீனாட்சியம்மாள் தீபாவளி வரை முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் விடியற்காலையில் எங்கள் வாசலில் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போவதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். அக்கா தொட்டியில் மண்ணை நிரப்பிக் கேந்திப் பூ விதை போட்டாள். கருவாடு வறுக்கும் நாளில் நான் பயந்துபோய்த் தொட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பேன். அக்கா என்னைக் கேலி செய்தே கொன்றுவிடுவாள்.

திங்கட்கிழமை லாரியில் அக்கா கக்கத்தில் சாக்கை இடுக்கிக்கொண்டு நின்றாள். பாட்டு யாரும் எடுக்கவில்லை. மொட்டை மாடியில் ஆண்கள் அவளுக்கென்று இடம் விடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு மூலை காலியாக இருந்தது. அங்கே சாக்கை விரித்தாள், முட்டி போட்டாள், ஓட்டுத் துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டாள். முதல் கமேலாவை அவள் பக்கத்தில் கொட்டியது நான்தான். ஒரு பச்சைத் துண்டு, ஒரு வெள்ளை, மறுபடி பச்சை என்று அவள் கை ஓட ஆரம்பித்தது. நான் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளைச் சீண்டாவிட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

"போதுமா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலை நிமிரவே இல்லை.

"சாந்து எறுகுதுட்டி. நின்னு பாக்காம அடுத்த சட்டியக் கொண்டா" என்றாள்.

ஓடினேன்.